நூலும் கோலும் மரக்காலும்

எண்ணையும் எழுத்தையும் மக்களின் இரு கண்களாக மதித்தது தமிழ் மரபு. ஆயினும், நம் இலக்கிய விழாக்களிலும் மலர்களிலும் எழுத்தாகிய கண்ணைப் பற்றிப் பேசும் அளவிற்கு எண்ணாகிய கண்ணைப் பற்றி நாம் பேசுவதில்லை. அலுவலகக் கோப்புகளில் நாள்தோறும் எண்களோடு உறவாடும் நம்மைப் போன்ற எழுத்தர்கட்கு இக்குறை சற்றுக் கூடுதலாகவே புலப்படும். குடத்தின் கொள்ளளவு, வயலின் பரப்பு, களத்து நெற்குவியலின் அளவு ஆகியவற்றை நம் முன்னோர் எளிய வாய்பாடுகளால் எவ்வாறு கண்டனர்? அவ்வாய்பாட்டை அறிந்தவன் பெற்றதென்ன? அறியாதவன் இழந்ததென்ன? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நாம் வாழும் புனே நகருக்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்குண்டு என்பதையும் உடன் காண்போம்.

இலக்கியத்தில் அளவை

தமிழின் தொன்மையான இலக்கணமாகிய தொல்காப்பியமே அளவையைப் பேசுகின்றது. அளவுப் பெயரும் நிறைப் பெயரும் எவ்வெழுத்துகளில் தொடங்கும் என்பதை அது எழுத்ததிகாரத்தில் வரையறுக்கின்றது. அத்தகைய எழுத்துகள் ஒன்பது என எண்ணியும் காட்டுகின்றது. ஓர் இலக்கண நூல் அளவைப் பெயர்களுக்கெனத் தனி விதி வகுக்க வேண்டுமாயின், அப்பெயர்கள் அன்றாடப் பேச்சில் எத்துணை மிகுதியாகப் புழங்கியிருத்தல் வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

புறநானூற்றின் 184 ஆம் பாட்டு, பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் உரைத்த அறிவுரையாகும். ஒரு மாவிற்கும் குறைந்த நிலத்து நெல்லை அறுத்துக் கவளமாக்கித் தந்தால் யானைக்குப் பல நாள் உணவாகும். அதே யானை தானே புகுந்தால் நூறு வயலாயினும் அதன் வாயிற் புகுவதைவிடக் காலில் மிதிபட்டு அழிவதே மிகுதி என்பது அதன் கருத்து. அரசன் வரி கொள்ளும் நெறிக்கு இதனை உவமையாக்கினார் புலவர். இங்கே 'மா' என்னும் நில அளவு ஓர் எண்ணாக மட்டும் நில்லாது அறமாகவும் நிற்கின்றது. அளந்து கொள்வது ஆட்சி. அளவின்றிக் கொள்வது அழிவு. தமிழர் அளவைக் கணக்கின் வரலாறு முழுவதற்கும் இப்பாட்டையே முகவுரையாகக் கொள்ளலாம்.

சோழரின் கோல்

முதலாம் இராசராசன் கி.பி. 1001 அளவில் தன் நாட்டு நிலம் முழுவதையும் அளப்பித்தான். அப்பணியை நடத்திய தலைவர் 'உலகளந்தான்' என்னும் பட்டம் பெற்றார். அளந்த கோல் 16 சாண் நீளம் உடையது. 12 விரல் ஒரு சாண். 2 சாண் ஒரு முழம். சாணை ஒன்பது அங்குலமாகக் கொண்டால் 16 சாண் சரியாகப் பன்னிரண்டடி. அக்கோலை நீளத்திற்கு ஒன்றும் அகலத்திற்கு ஒன்றுமாக வைத்தால் கிடைக்கும் சதுரம் 144 சதுர அடி. இதுவே தஞ்சை வட்டாரத்தில் பிற்காலம் வரை வழங்கிய 'குழி'யாகும். 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. எனவே வேலி என்பது 2,000 குழி. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 6.6 ஏக்கர்.

சோழர் கல்வெட்டுகளில் ஒரு வேலியின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை நிலம் கணக்கிடப்பட்டுள்ளமையை வரலாற்று ஆசிரியர்கள் வியந்து எழுதியுள்ளனர். இவ்வெண் வானத்திலிருந்து விழுந்ததன்று. தமிழ்ப் பின்னத்தில் முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. அம்முந்திரியில் முந்திரி கீழ்முந்திரி. அவ்வாறு 320ஐ நான்கு முறை தன்னோடு பெருக்கி, அதனை ஐந்தால் மேலும் பெருக்கினால் மேற்சொன்ன எண் வரும். அப்பங்கின் பரப்பு எவ்வளவு எனக் கணக்கிட்டால், அரைச் சதுர மில்லிமீட்டர் அளவே ஆகும். ஒரு கடுகு இருக்கவும் அதில் இடம் போதாது! பன்னிரண்டடிக் கோலால் இதனை எவரும் அளந்திருக்க முடியாது. அளந்தது கோலன்று, கணக்கே அளந்தது. வரி நீக்கிய பகுதிகளைக் கழித்தும் பங்கிட்டும் வரும்போது எஞ்சிய பின்னத்தையும் கைவிடாது எழுதி வைத்த கணக்கரின் நேர்மையையே இவ்வெண் காட்டுகின்றது.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் நெல் அளந்த மரக்காலை 'ஆடவல்லான்' என்று அழைக்கின்றன. ஆடவல்லான் என்பது கூத்தப்பெருமானின் பெயர். பொன் நிறுத்த கல்லுக்கும் அதே பெயர்தான். அளவையில் பிழை செய்வோன் இறைவன் பெயரிலேயே பிழை செய்கிறான் என்னும் அச்சத்தை ஊட்ட இப்பெயர் இடப்பட்டதெனக் கருத இடமுண்டு.

வட்டத்தின் கணக்கு

நீளத்தை அகலத்தாற் பெருக்கினால் நீள்சதுரத்தின் பரப்பு வரும் என்பதை எவரும் எளிதில் உணர்வர். வட்டமே அறிவுக்கு வேலை தருவது. ஏனெனில் கிணறு வட்டம், குடம் வட்டம், குதிர் வட்டம், மரக்காலின் வாயும் வட்டம். சோழநாட்டுக் கொறுக்கையூரைச் சார்ந்த காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் இதற்கு ஓர் அரிய வழி கூறுகின்றது. நிலம், பொன், நெல், அரிசி, கல் எனப் பல பொருட்கும் உரிய கணக்குகளை வெண்பாக்களில் அமைத்த நூல் அது. வட்டத்தின் சுற்றளவில் பாதியையும் விட்டத்தில் பாதியையும் ஒன்றோடொன்று பெருக்கினால் அதன் குழி, அதாவது பரப்பு, கிடைக்கும் என்பது அதன் விதி.

இவ்விதியின் நுட்பம் சிந்திக்கத்தக்கது. வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது உலகக் கணித அறிஞரை நெடுங்காலம் அலைக்கழித்த வினா. கணக்கதிகாரத்தின் ஒரு விதி, விட்டத்தை இரட்டித்து, நான்மாவாற் பெருக்கி, எட்டால் ஏற்றச் சொல்கின்றது. நான்மா ஐந்தில் ஒன்று. எனவே கிடைப்பது 3.2 மடங்கு. மக்கள் வழக்கில் உள்ள மற்றொரு பழஞ்செய்யுளோ, விட்டத்தை ஏழு கூறாக்கி, நான்கு கூற்றை விட்டத்தோடு கூட்டி இரட்டிக்கச் சொல்கின்றது. அது 22/7 ஆகும். உண்மைக்கு மிக அணித்தானது. ஆனால் பரப்பு காணும் விதிக்கு இவ்விரண்டும் வேண்டா. சுற்றளவை நூலால் அளந்து, விட்டத்தைக் கோலால் அளந்து, இரண்டையும் பாதியாக்கிப் பெருக்கினால் போதும். விதியளவில் பிழையே இல்லை. கணித மேதைகட்கே சிக்கலாயிருந்த எண் இல்லாமலே ஒரு குடியானவன் தன் கிணற்றின் பரப்பைச் சரியாகக் காணலாம். அளக்கும் கயிற்றுக்கும் அறிவு தரும் ஏட்டிற்கும் 'நூல்' என்னும் ஒரே சொல்லைத் தமிழ் வைத்துக்கொண்டது எத்துணைப் பொருத்தம்!

நம் வீட்டுத் தண்ணீர்ப் பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது மேலும் கீழும் ஒரே அகலமுடையது. உட்புறச் சுற்றளவு 132 சென்டிமீட்டர்; விட்டம் 42; ஆழம் 50. சுற்றிற் பாதி 66. விட்டத்திற் பாதி 21. பெருக்கினால் 1,386. அதனை ஆழத்தாற் பெருக்கினால் 69,300 கன சென்டிமீட்டர், அதாவது 69.3 லிட்டர். காரிநாயனார் காலத்தில் லிட்டர் இல்லை. ஆயினும் அவர் தந்த வழி இன்றைய பாத்திரத்தையும் அளக்கின்றது.

இவ்விதிக்குக் காரணம் யாது? இங்கேதான் மராட்டிய மண் நமக்குத் துணை வருகின்றது. 1150 இல் லீலாவதியை இயற்றிய பாஸ்கராசாரியார் சஹ்யாத்ரி மலைச்சாரலைச் சேர்ந்தவர். அவர் நூல்களைப் பயில்வதற்கென அவர் பேரர் ஒரு மடம் நிறுவிய செய்தியைச் சாளீஸ்காவ் அருகில் உள்ள 1207 ஆம் ஆண்டுக் கல்வெட்டு தெரிவிக்கின்றது. சுற்றளவை விட்டத்தின் காற்பங்கால் பெருக்கினால் வட்டப் பரப்பு வரும் என்பது லீலாவதியின் விதி. பாதியைப் பாதியாற் பெருக்குவதும் முழுவதைக் காற்பங்காற் பெருக்குவதும் ஒன்றே அன்றோ? கொங்கணக் கரையின் நந்திகிராமத்தைச் சேர்ந்த கணேச தைவக்ஞர் 1545 இல் இதற்கு உரை எழுதியபோது காரணத்தையும் காட்டினார். வட்டத்தை இரு பாதியாக்கி, ஒவ்வொரு பாதியையும் மெல்லிய கூறுகளாக நடுவிலிருந்து பிளந்து, விரித்து, இரம்பத்தின் பல்லோடு பல் பொருந்துவது போல் ஒன்றனுள் ஒன்றைச் செருகினால் ஒரு நீள்சதுரம் அமையும். அதன் நீளம் சுற்றிற் பாதி. அகலம் விட்டத்திற் பாதி. இவ்வுரையோடு கூடிய லீலாவதியை 1937 இல் அச்சிட்டு வெளியிட்டது நம் புனே நகரின் ஆனந்தாசிரமம் ஆகும். காவிரிக் கரையில் வெண்பாவாகப் பாடப்பட்ட விதிக்கு விளக்கம் நம் நகரின் அச்சகத்திலிருந்தே நூலாக வெளிவந்தது என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதாகும்.

களத்துக் குவியலும் மரக்காலின் வாயும்

நெல்லை அளக்கத் தமிழர் வைத்த அடுக்கு முறை நினைவிற் கொள்ளத்தக்கது. 360 நெல் ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி. 8 நாழி ஒரு குறுணி அல்லது மரக்கால். 2 குறுணி ஒரு பதக்கு. 2 பதக்கு ஒரு தூணி. 3 தூணி ஒரு கலம். இதன்படி ஒரு நாழிக்கு 14,400 நெல். ஒரு கலத்திற்கு 96 நாழி.

அளக்காமலே குவியலின் அளவைக் காணும் வழியை லீலாவதி கூறுகின்றது. குவியலின் அடிச்சுற்றை ஆறால் வகுத்து, வந்ததைத் தன்னோடு பெருக்கி, உயரத்தாற் பெருக்கினால் கன அளவு கிடைக்கும். உயரத்தையும் ஏறி அளக்க வேண்டுவதில்லை. பருத்த தானியத்திற்குச் சுற்றில் பத்தில் ஒன்று, நுண்ணிய தானியத்திற்குப் பதினொன்றில் ஒன்று, கூருமி உடையதற்கு ஒன்பதில் ஒன்று எனக் கொள்ளலாம். தானியத்தின் தன்மைக்கேற்பக் குவியலின் சரிவு மாறும் என்பதைக் களத்திற் கண்டு எழுதிய விதி இது. சுவரோரக் குவியல், மூலைக் குவியல் ஆகியவற்றிற்கும் தனித்தனி வழிகள் உண்டு. இன்றைய கணிதத்தோடு ஒப்பிட்டால் இவ்விதி நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே மிகுத்துக் காட்டும்.

இவ்விதியைக் கொண்டு ஒரு பழைய வழக்கின் உட்பொருளை ஆராய்வோம். நெல்லைத் தலைதட்டி அளப்பதும் உண்டு. குவித்து அளப்பதும் உண்டு. கடன் கொடுக்கையில் தலைதட்டியும் திரும்பக் கொள்கையில் குவித்தும் அளந்தால் ஏழையின் களஞ்சியம் என்னாகும் என்பது வெளிப்படை. ஆனால் இருவரும் குவித்தே அளந்தாலும் வஞ்சனைக்கு இடமுண்டு. வாய்ச்சுற்று 60 சென்டிமீட்டர் உள்ள மரக்காலில் மேற்குவியல் மட்டும், பத்தில் ஒரு பங்கு உயரம் எனக் கொண்டால், 600 கன சென்டிமீட்டர். அதே கொள்ளளவோடு வாய் மட்டும் விரிந்து சுற்று 90 ஆக உள்ள மரக்காலில் மேற்குவியல் 2,025 கன சென்டிமீட்டர். வாய் ஒன்றரை மடங்கு விரிந்தால் குவியல் மூன்று மடங்கிற்கும் மேல் பெருகுகின்றது! இரு மரக்காலும் நீர் ஊற்றிப் பார்த்தால் ஒரே அளவு கொள்ளும். எவரும் குறை கூற முடியாது. கணக்கு அறிந்தவன் மட்டுமே மரக்காலின் வாயைப் பார்த்த அளவில் 'தலைதட்டி அள' என்று சொல்வான். வாய்பாடு ஏட்டில் உறங்கும் பொருளன்று, எளியவனின் களத்திற்குக் காவலன் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நாற்கோண வயல்

நிலத்தின் கதையும் இதுவே. நாற்புறமும் ஒழுங்கில்லாத வயலுக்கு, எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரு பாதிகளையும் பெருக்கும் முறை உலகெங்கும் வழங்கியது. எகிப்து நாட்டு எட்ஃபு கோயிற் கல்வெட்டுகளிலும் இம்முறை காணப்படுகின்றது. நம் நாட்டுக் கணக்கரும் இதனைக் கையாண்டனர். எளிய முறைதான், ஆயினும் அதில் ஒரு குறை உண்டு. செவ்வகமல்லாத எந்த நாற்கோணத்திற்கும் இது பரப்பை மிகுத்தே காட்டும். ஒருபோதும் குறைத்துக் காட்டாது.

ஓர் எடுத்துக்காட்டு: நான்கு பக்கமும் பத்துப் பத்துக் கோல், ஆனால் வயல் சற்றுச் சாய்ந்தது. மேற்கூறிய முறைப்படி 100 குழி, அதாவது ஒரு மா. மூலைக்கு மூலை அளந்து பார்த்தால் ஒன்று 12 கோல், மற்றது 16 கோல். இரண்டையும் பெருக்கிப் பாதியாக்கினால் உண்மைப் பரப்பு 96 குழியே. மாவுக்கு நான்கு குழி மிகை. இவ்வாறே கணக்கிட்டால் ஒரு வேலிக்கு 80 குழி. விளையாத அந்நிலத்திற்கும் குடியானவன் ஆண்டுதோறும் வரி கட்ட வேண்டியவனாகின்றான். யானை புகுந்த வயலைப் பற்றிப் பிசிராந்தையார் சொன்னது இங்கே நினைவிற்கு வருகின்றது.

இக்குறையை அறிஞர் அறிந்தே இருந்தனர். கி.பி. 628 இல் பிரம்மகுப்தர் இம்முறை தரும் விடையைப் பருமட்டானது என்று கூறி, நுண்ணிய வழி ஒன்றையும் தந்தார். நான்கு பக்கங்களை மட்டும் சொல்லி, மூலைவிட்டமோ குத்துயரமோ சொல்லாது பரப்பை வினவுபவனும் பேய். விடை சொல்பவன் அவனினும் பெரிய பேய் என்னும் கருத்தில் பாஸ்கரர் கடிந்துரைக்கின்றார். இதனைத் தவிர்க்க வேண்டுவது யாதெனில், வயலின் குறுக்கே ஒருமுறை கோல் பிடித்து, அதனை இரு முக்கோணங்களாக அளப்பது. கூடுதலாக ஓர் அளவு, அவ்வளவே. அவ்வோர் அளவைக் கேட்கத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் இடையே நின்றது நான்கு குழி நிலம்.

திண்ணையும் பந்தோஜியும்

இவ்வறிவு மக்களிடம் பரவியது திண்ணைப் பள்ளிகளால். மணலில் விரலால் எழுதிப் பழகிய சிறுவர், எண்சுவடியை மனப்பாடம் செய்தனர். முந்திரி, காணி, மா, மாகாணி முதலிய பின்னங்களின் பெருக்கம், நெல்லளவைக்கு நெல்லிலக்கம், பொன்னளவைக்குப் பொன்னிலக்கம், நிலப் பரப்பிற்குக் குழிமாற்று எனப் பாடங்கள் வாழ்க்கையோடு ஒட்டியே அமைந்தன. பலாப்பழத்தின் காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறாற் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைகளின் எண்ணிக்கை வரும் என்னும் கணக்கதிகார விதி இயற்கை விதியாகாது எனினும், பெருக்கலையும் வகுத்தலையும் சிறுவர் நாவில் இனிக்கச் செய்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

மராட்டிய நாட்டிலும் இதே மரபு. பந்தோஜி என்னும் ஆசிரியரிடம் சிறுவர் பாவ்கீ, நிம்கீ, பாவுண்கீ, ஸவாய்கீ, தீட்கீ எனக் கால், அரை, முக்கால், ஒன்றேகால், ஒன்றரை ஆகியவற்றின் வாய்பாடுகளை உரக்க ஓதினர். ஐந்து முழமும் ஐந்து கைப்பிடியும் கொண்டது ஒரு காட்டி என்னும் கோல். இருபது காட்டிக்கு இருபது காட்டி ஒரு பிகா. 120 பிகா ஒரு சாவர் என்பது சிவாஜி மன்னர் காலத்து நில அளவை. அங்கே கர்ணம் செய்த வேலையை இங்கே செய்தவர் குல்கர்ணி. தஞ்சையை 1676 முதல் 1855 வரை மராட்டியர் ஆண்ட காலத்தில் இவ்விரு மரபினரும் ஒரே அரண்மனையில் அமர்ந்து கணக்கெழுதினர். அம்மன்னர்கள் பேணி வளர்த்த சரசுவதி மகால் நூலகமே பின்னாளில் ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுக் கணக்கதிகாரத்தைப் பதிப்பித்தது.

மாறியதும் மாறாததும்

1956 ஆம் ஆண்டின் நிறைகள், அளவைகள் தரச் சட்டத்தின்படி, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் முறை நாடெங்கும் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஊருக்கோர் படி, சந்தைக்கோர் சேர் என்றிருந்த குழப்பம் அதனால் நீங்கியது. அது வேண்டிய மாற்றமே. அதற்காக நாம் வருந்த வேண்டுவதில்லை. தமிழகத்தில் கர்ணம் பதவியும் 1980 இல் ஒழிக்கப்பட்டது. ஆழாக்கும் உழக்கும் இன்று பழமொழியில் வாழ்கின்றன. 'இம்மியளவும்' என்கிறோம், இம்மி என்பது ஒரு பின்னம் என்பதை மறந்துவிட்டோம்.

அளவுகள் மறையலாம், அளக்கும் அறிவு மறையலாகாது. இன்று புனேயின் சுற்றுப்புறத்தில் மனை வாங்க முற்படும் நம்மவர் 'குண்டா' என்னும் சொல்லைக் கேட்கின்றனர். ஏக்கரில் நாற்பதில் ஒரு பங்கு குண்டா. 1,089 சதுர அடி. நம் ஊர்க் கணக்கில் இரண்டரை சென்ட். பழைய குழியில் ஏழரைக்குச் சற்று மேல். அம்மனை சாய்ந்த நாற்கோணமாயின், நான்கு பக்க அளவை மட்டும் நம்பிப் பணம் கொடுப்பவர் பழைய குடியானவனைப் போலவே இழப்பார். மூலைக்கு மூலை நாடா பிடித்து அளப்பவர் இழக்கமாட்டார். கணிப்பொறி வந்துவிட்டதே எனலாம். கணிப்பொறி பெருக்கித் தரும். எதனை அளந்து தரவேண்டும் என்பதை நாமே அறிந்திருத்தல் வேண்டும்.

நம் சங்கத்தில் தமிழ் பயிலும் சிறுவர்க்குப் பாட்டும் பேச்சும் கற்பிக்கின்றோம். அவற்றோடு ஒரு முழ நூலையும் ஒரு கோலையும் அவர்கள் கையில் கொடுப்போமாக. வீட்டுக் குடத்தையும் வாளியையும் அளந்து, சுற்றிற் பாதியை விட்டத்திற் பாதியாற் பெருக்கட்டும். வந்த விடையை ஒரு லிட்டர்ப் படியால் நீர் ஊற்றிச் சரிபார்க்கட்டும். நாழியும் தூணியும் அவர்கட்கு இலக்கியச் சொற்களாகவே இருக்கலாம். ஆயினும் பிறர் அளந்து தருவதைத் தாமே அளந்து பார்க்கும் துணிவை அவர்கள் பெறுவாராயின், எண்ணாகிய கண்ணும் நம் தலைமுறையோடு மூடிப் போகாது என்பது நம் நம்பிக்கை.